கூரையை வெட்டினால் பாரம் கூடும்

“…நீ வெட்டி எடுத்தது கூரையை. கூரை போனா பாரம் குறையும். பாரம் குறைஞ்ச கார் ஏன் முறியப்போகுது, ராசு?”

பவளக்கா இதைக் கேட்டபோது நான் அவருடைய காருக்கு முன்னால், என் சைக்கிளை வீதிக்குக் குறுக்கே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றேன். முரசுமோட்டைப் பக்கம் போகிற வாய்க்கால் கரை வீதி அது. இரணைமடுக் குளத்தின் துருசு, மதகு, திறந்திருந்த காலம். தண்ணீர் கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது. காரின் பின் ஆசனத்தில் சற்று முன்னர் தாலி ஏறிய பொம்பிளையும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். இரு பக்கமும் தோழனும் தோழியும் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். ஸ்ரியரிங்கில் பவளக்கா. முன்னால் மேளம், பின்னால் சனம். ஐம்பது அடி தள்ளி, ஏறி இறங்குகிற ஒரு சின்னப் பாலம்.

பூனை குறுக்கே போனாலே வீட்டுக்குத் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிற சனம் நாங்கள். பொம்பிளை மாப்பிள்ளை போகிற வழியை ஒருவன் சைக்கிளைப் போட்டு மறித்தால் எப்படி இருக்கும்? மேளம் நின்றுவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவின் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சைக்கிளைப் போட்டேன்.

இதை இப்போது எழுதக் காரணம் வதனி. என் முதலாளியின் மகள். கிளிநொச்சியில் நான் வேலை செய்த கராஜை இன்றைக்கு நடத்துகிறவர். போன கிழமை வீட்டுக்கு வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர், கலியாணப் படம் எடுக்கத் தன் காரின் கூரையை வெட்டித் தரச் சொல்லி நிற்கிறாராம். கூரை போனால் பாரம் குறையும், பெற்றோலும் மிச்சம் என்பது அவருடைய கணக்கு. வதனி போனை எடுத்து, ஒரே காரைக் கூரையோடும் கூரை இல்லாமலும் ஒரே கொம்பனி செய்திருப்பதையும், கூரை இல்லாததுதான் பாரம் கூட என்று போட்டிருப்பதையும் காட்டியிருக்கிறார். “உது அச்சுப்பிழை தங்கச்சி” என்று அவர் சிரித்தாராம்.

“மாமா, நீங்கள் பட்டதை எழுதித் தாங்கோ. நான் சொன்னா பொம்பிளைப் பிள்ளையின்ர கதை எண்டு விட்டிடுவினம்” என்றார் வதனி.

பட்டவன் பேச்சைக் கெட்டவனும் கேட்பான் என்பார் என் அப்பா. ஆகவே எழுதுகிறேன்.

நான் மலையகத்தில் பிறந்தவன். கலவரத்தில், தேயிலைத் தோட்டத்தில் இருக்க விடாமல் அடித்துத் துரத்தியபோது, ஒரு தகரப் பெட்டியோடு வட்டக்கச்சிக்கு வந்து காடு வெட்டிய குடும்பம். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்சத்தைப் பெயின்ற் அடிக்கும்போது கண்ணாடியில் ஒட்டுகிற பழைய பேப்பரிலும், கராஜுக்கு வருகிற ஆட்களின் வாயிலும் படித்தேன். முதல் இரண்டு வருடம் துருப்பிடித்த தகட்டில் கறள் சுரண்டினேன். பிறகு தகடு தட்டினேன். அதற்குப் பிறகு இரும்பை உருக்கி ஒட்டுகிற ஒட்டுக்கம்பி கைக்கு வந்தது. என் பள்ளிக்கூடம் அவ்வளவுதான்.

என் முதலாளி அருமைநாயகம். நாங்கள் பாஸ் என்போம். யாழ்ப்பாணத்து ஆள். தோய்த்து மடித்த வெள்ளைச் சேட்டோடு கராஜுக்குள் வருவார், பின்னேரம் அதே வெள்ளையோடு போவார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. வேலை முடிந்த காரைக் காட்டினால் தகட்டைப் பார்க்க மாட்டார், பெயின்றைப் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒற்றை விரலால் கதவைத் தள்ளிச் சாத்துவார். அந்தச் சத்தத்தைக் கேட்பார். பிறகு நெருப்புப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்து, கதவுக்கும் தூணுக்கும் இடையில் இருக்கிற இடைவெளியில் விடுவார். மேலே ஒருதரம், நடுவில் ஒருதரம், கீழே ஒருதரம். மூன்று இடத்திலும் குச்சி ஒரே மாதிரி உரசிக்கொண்டு போக வேண்டும். போனால் குச்சியைப் பெட்டிக்குள் திரும்ப வைப்பார். போகாவிட்டால் எங்கள் கையில் தந்து “இன்னொருக்கா” என்பார். திட்டு வாங்கியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அந்த ‘இன்னொருக்கா’ வீடு வரைக்கும் கூடவே வரும்.

கதவு இறுக்கினால் கதவில் கை வைக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

“கதவு சாட்சி, ராசு. சாட்சிக்கு அடிச்சு வழக்கு வெல்ல ஏலாது. உடம்பு எங்க வளைஞ்சிருக்கெண்டு தேடு.”

நான் ஓம் பாஸ், ஓம் பாஸ் என்று தலையாட்டினேன். தலையாட்டுவதற்குக் கழுத்து போதும்.

பிறகு சண்டைக் காலம். எரிபொருள் இல்லை, சாமான் இல்லை. ஒரு வாகனம் பத்து வாகனத்தின் வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. இடம்பெயர்கிற சனத்தின் மூட்டை முடிச்சு, நெல்லு மூட்டை, சில நேரம் காயப்பட்டவர்கள். எல்லாவற்றையும் ஏற்ற ஜீப்புகளின் கூரையை வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். எத்தனை என்று நினைவில்லை. ஒன்றுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஏனென்றால் ஜீப்புக்குக் கீழே ஏணியைப் படுக்கப் போட்டது போல ஒரு இரும்புச் சட்டம் உண்டு. சுமப்பதெல்லாம் அந்த ஏணிதான். மேலே இருக்கிற உடம்பு வெறும் சட்டை. சட்டையைக் கழற்றினால் மனிதன் விழுந்துவிடுவானா?

சனம் எனக்குக் ‘கூரை ராசு’ என்று பெயர் வைத்தது. எனக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. வன்னியில் எங்களைப் போல வேலை பழகிய பலருக்கும் இந்த நோய் உண்டு: பஞ்சத்தில் பழகிய கை, பஞ்சம் தீர்ந்த பிறகும் அதே வேலையைத்தான் செய்யும்.

இப்போது பவளக்கா. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். சண்டையில் கணவர் போய்விட்டார். பிள்ளை இல்லை. தங்கையும் போன பிறகு தங்கையின் மகளைத் தூக்கி வளர்த்தார். அவருக்கு மிஞ்சிய இன்னொன்று கணவருடைய பழைய இங்கிலாந்துக் கார். இடப்பெயர்வில் விட்டுப்போய், திரும்பி வந்து பார்த்தபோது உள்ளே புற்று எழும்பி, ஸ்ரியரிங் வரைக்கும் மண் நின்றது. பாஸும் நானும் அதை ஓட வைத்தோம். அக்கா தானே ஓட்டப் பழகி, வெள்ளை அடித்து, கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விட்டார். “இந்தக் காருக்குள்ள பாம்பும் குடியிருந்தது, பொம்பிளையும் இருந்து போறா. நான்தான் ரெண்டுக்கும் டிறைவர்” என்று சிரிப்பார்.

அந்தப் பெறாமகளுக்குக் கலியாணம் சரி வந்தது. யாழ்ப்பாணத்தில் யாரோ திறந்த காரில் ஊர்வலம் போன படத்தைப் பிள்ளை பார்த்துவிட்டது. வாய் திறந்து கேட்காத பிள்ளை அந்த ஒன்றைக் கேட்டது. அக்கா காரைக் கொண்டுவந்து நிறுத்தி “கூரை ராசு, உன்ர பேருக்கு வேலை வந்திருக்கு” என்றார். பாஸ் அப்போது கண் ஒப்பரேசனுக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார். வரட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். “பத்து நாளில் தாறன் அக்கா” என்றேன்.

வழக்கம் போலவே செய்தேன். காரை உயர்த்தி நடுவயிற்றுக்கு நான்கு பாலைமரக் கட்டை கொடுத்தேன். கதவுகளைச் சாத்தினேன். கண்ணாடியைக் கழற்றி, பின் தூண்களில் கோடு கீறி, அராவுவதற்கும் வெட்டுவதற்குமாக ஒன்றரை நாள். கூரைத் தகடு தனியாக வந்தது. அதை நான் ஒருவனாகத் தலையில் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக் கோழிக்கூட்டுக்கு மூடினேன். அவ்வளவு லேசு. இந்தத் தகட்டில் என்ன இருக்கிறது என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. வெட்டின விளிம்பை மடித்துத் தட்டி, பெயின்ற் அடித்தேன். கட்டையில் நின்றபடியே கதவுகளில் குச்சியை விட்டுப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது.

பிறகு கட்டைகளை எடுத்துக் காரை நிலத்தில் விட்டேன்.

கதவு இறுக்கியது. முழுக்க இல்லை, கொஞ்சம். தோளால் ஒரு இடி இடித்தால் சாத்தும். பாஸ் இருந்தால் ஒரு குச்சியைக் கையில் தந்திருப்பார். நான் அரத்தை எடுத்து, தூணில் கதவுக் கொக்கி விழுகிற இரும்பை இரண்டு பக்கமும் அராவினேன். கதவு மெதுவாகச் சாத்தியது. சாட்சிக்கு அடித்துவிட்டேன்.

அன்று பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து பாஸ் போன் எடுத்தார். கண்ணில் கட்டு. பவளத்தின் காரை வெட்டினதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏன் வெட்டினாய் என்று கேட்கவில்லை.

“கதவு எப்பிடி?”

“நல்லாச் சாத்துது பாஸ்.”

“அதில ஆள் இருத்திப் பார்த்தனியோ?” என்றார். ஓம் என்றேன். இருந்தது நான் ஒருவன், ஸ்ரியரிங்கில்.

இங்கே வதனியிடம் கார் கொண்டுவந்த ஆளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காருக்கு ஜீப்பைப் போல ஏணி இல்லை. தகட்டை மடித்துச் செய்த ஒரு பெட்டிதான் அது. தளம், தூண், கூரை எல்லாம் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்து நிற்கின்றன. ஒரு செருப்புப் பெட்டியை எடுங்கள். மூடியைச் சுற்றிவர ஒட்டிவிட்டு இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். அசையாது. மூடியை வெட்டி எறிந்துவிட்டு முறுக்குங்கள். பாயைப் போல வளையும். கூரைத் தகடு மெல்லியது, லேசானது, ஆனால் உயரத்தில் இருந்துகொண்டு முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இழுத்துப் பிடித்திருக்கிறது. உயரத்தில் இருக்கிறவனுக்குப் பலம் கொஞ்சம் போதும். அதே வேலையைத் தளத்தில் படுத்திருக்கிறவன் செய்ய வேண்டுமென்றால் அவன் தடித்தவனாக இருக்க வேண்டும். கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளத்துக்குப் பெட்டி இரும்பு வைக்க வேண்டும். அவை இரண்டையும் சேர்த்துக் குறுக்கே இரும்பு, ஆசனத்துக்குப் பின்னால் ஒரு தட்டி, முன்கண்ணாடியின் சட்டத்துக்குத் தடிப்பான குழாய், கதவுத் தூண்களுக்கு உள்ளே இன்னொரு தகடு. பிறகு மழைக்கு மூட மடக்குக் கூரை, அதன் விலா எலும்புகள், சுருள்கம்பிகள். எடுத்தது ஒருவன் தலைச்சுமை. வைத்ததை நான்கு பேர் பிடித்தாலும் முனகுவார்கள். பிற்காலத்தில் நான் மூன்று கார்களுக்கு முறையாகக் கூரை எடுத்தேன். மூன்றும் வந்ததைவிடப் பாரமாகத்தான் வெளியே போயின.

பாஸ் இந்தச் செருப்புப் பெட்டிக் கதையை எனக்கு முன்னாலேயே ஒரு ஆளுக்குச் சொல்லியிருக்கிறார். நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். கூரை ராசுவுக்கு அது தேவைப்படவில்லை.

கலியாணம் வட்டக்கச்சிக் கோயிலில். சாப்பாடு முரசுமோட்டைப் பக்கம் ஒரு மண்டபத்தில். நானும் வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தேன். தாலி கட்டி முடிந்து, ஆராத்தி எடுத்து, நான்கு பேரும் பின் ஆசனத்தில் ஏறினார்கள். கதவைச் சாத்தியது நான்தான். சாத்த முடியவில்லை. தோழன் உள்ளிருந்து இழுக்க, நான் வெளியில் இருந்து இடிக்க, ஒரு முரட்டுச் சத்தத்தோடு சாத்தியது. என்னை அறியாமல் மடியிலிருந்த நெருப்புப்பெட்டியில் ஒரு குச்சியை எடுத்து இடைவெளியில் வைத்தேன். கீழே பெருவிரல் போகிற இடைவெளி. மேலே குச்சி போகவில்லை. நுனிகூடப் போகவில்லை. தூண்கள் இரண்டும் தலையைச் சாய்த்துக் கதவைக் கவ்விக்கொண்டிருந்தன. நடுவயிறு இறங்கிவிட்டது.

நாலு பேர் ஏறினதுக்கே இப்படி என்றால் ஓடினால்?

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மேளம் அடித்தது, பூ எறிந்தார்கள், அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல காரியத்தில் வாய் வைக்காதே என்று ஊர் சொல்லுகிற சொல் எனக்கு அந்த நேரம் மிகவும் வசதியாக இருந்தது. கார் போய்விட்டது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

அந்த வழி முழுக்க நான் வீதியைப் பார்க்கவில்லை, காரின் இடுப்பைத்தான் பார்த்தேன். பக்கவாட்டில் முன்னிருந்து பின்னுக்கு நேராக ஓட வேண்டிய கோடு, கதவடியில் பள்ளமாக இருந்தது. குழியில் சில்லு விழும்போதெல்லாம் அந்தப் பள்ளம் இன்னும் இறங்கி, மெதுவாக எழும்பியது. மூச்சு விடுகிற மாதிரி. பொம்பிளை ஒவ்வொரு குலுக்கலுக்கும் சிரித்தது. பிறகு சில்லுத் தடத்தின் ஓரமாக வெள்ளையாக எதையோ கண்டேன். கோயில் பூ என்று நினைத்தேன். குனிந்து எடுத்தால் பெயின்ற். கதவுத் தூணின் அடியில் நான் அடித்த வெள்ளை பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. பெயின்ற் பொரிந்தால் அதற்கு அடியில் தகடு மடிகிறது என்று அர்த்தம். தகடு கிழிந்தால் நடு இறங்கி நிலத்தில் குத்தும். ஓடுகிற கார் எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. இடது பக்கம் வாய்க்கால். கதவு நான்கும் திறக்காது. கூறைச்சேலையும் நகையுமாகத் தண்ணீருக்குள் ஒரு பிள்ளை.

முன்னால் பாலம் தெரிந்தது. ஏறும்போது மூக்கு மேலே போகும், இறங்கும்போது நடுவயிற்றில்தான் முழுப் பாரமும் விழும்.

நான் மிதித்த மிதியில் வேட்டி சங்கிலிக்குள் சிக்கிக் கிழிந்தது. சனத்தைத் தள்ளிக்கொண்டு, மேளகாரரையும் தாண்டி முன்னால் போனேன். மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவன் “அண்ணைக்குக் காலமையே தண்ணி ஏறீட்டுது” என்றான். சிரித்தார்கள். நான் சைக்கிளைக் குறுக்கே போட்டேன். “காரை எடுக்காதேங்கோ, முறியும்” என்று கத்தினேன்.

அப்போதுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. நான் செய்த வேலையை நம்பி, தன் பிள்ளையை அதில் ஏற்றின ஒருவர் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

“அக்கா, குறைஞ்சதுதான் பிழை” என்றேன். “அந்தக் கூரைதான் காரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. அதுக்குப் பதிலா நான் கீழ ஒண்டும் வைக்கேல்ல. கதவு இறுக்கினது. இறுக்கினது எனக்குத் தெரியும். அராவிப்போட்டு உங்களுக்குச் சொல்லாமல் விட்டனான். உங்கட கதவைத் திறந்து பாருங்கோ.”

அக்கா கைபிடியை இழுத்தார். திறக்கவில்லை. தோளால் இடித்தார். திறக்கவில்லை. பின்னால் தோழனும் தன் பக்கக் கதவை உதைத்துப் பார்த்தான். காருக்கு அடியில் எங்கோ ‘நெறுக்’ என்றது. பொம்பிளையின் சிரிப்பு நின்றது. மாப்பிள்ளையின் பெரியப்பா, பொம்பிளை நடுவழியில் இறங்கக்கூடாது, மண்டப வாசலில்தான் கால் வைக்க வேண்டும் என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

அக்கா எஞ்சினை நிறுத்தினார். சேலையை முழங்காலுக்கு இழுத்துச் செருகிக்கொண்டு ஆசனத்தில் ஏறி, கதவுக்கு மேலால் காலைப் போட்டு வீதியில் குதித்தார். பின்னால் போய் இரண்டு கையையும் நீட்டி “வா மோனை, மெள்ள” என்றார். பிள்ளையை மாலையோடு சேர்த்துத் தூக்கி இறக்கினார். பிறகு தோழி, தோழன், கடைசியாக மாப்பிள்ளை. ஒவ்வொருவர் இறங்கும்போதும் கார் ஒரு விரற்கடை எழும்பியதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். பிறகு மேளகாரரிடம் போய், அடித்துக்கொண்டு முன்னால் நடக்கச் சொன்னார். பொம்பிளையும் மாப்பிள்ளையும் கைகோத்தபடி நடந்தே பாலத்தைக் கடந்தார்கள். சனம் முணுமுணுத்துக்கொண்டு பின்னால் போனது.

காரும் அக்காவும் நானும் நின்றோம். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் வந்த வழியாலேயே கதவுக்கு மேலால் ஏறி ஸ்ரியரிங்கில் இருந்தார்.

“பொம்பிளை இருந்த இடத்தில போய் இரு” என்றார்.

“அக்கா, பாலம்…”

“ஓம். பாலம்தான்.”

நான் ஏறி இருந்தேன். எனக்குக் கீழே தளம் முனகிக்கொண்டு இறங்கியது. அக்கா ஒருதரம் திரும்பி நான் சரியான இடத்தில்தான் இருக்கிறேனா என்று பார்த்தார். பிறகு எஞ்சினை இயக்கி, முதல் கியரைப் போட்டு, பாலத்தை நோக்கி மெதுவாகக் காரை எடுத்தார்.